பத்தாத விலை

வாய்க்கரிசி அள்ளிய கை பெட்டிக்கு மேலே வந்து அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி, துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்து மோகனாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். துக்கம் அடைத்ததும் உண்மைதான். ஆனால் அந்த நிமிடத்தில் மோகனா மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வெள்ளி இருபது காசு. எதனால் வகுத்தாலும், எதனால் பெருக்கினாலும், அது நல்ல விலையாகவே வந்து நின்றது.

பெட்டிக்குள் ராமதாஸ் கண்ணை மூடிக் கிடந்தார். வாக்குவாதத்தில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் அவர் வைத்துக்கொள்ளும் முகம் அது. தூங்குவது போல இருக்கும். உதட்டோரத்தில் மட்டும் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். நாற்பது வருஷமாக அந்தச் சிரிப்போடு மல்லுக்கட்டி மோகனா ஜெயித்ததில்லை. இப்போது எமனும் அதை விட்டுவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான் என்று பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"போடுங்க அத்தை, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க," என்றாள் மருமகள் ஷர்மினி மெதுவாக.

அரிசி விழுந்தது. மோகனா குனிந்து, அவர் காதோரமாக, "எவ்வளவுன்னா பத்தும்னு சொல்லிட்டாவது போயிருக்கலாம்ல," என்றாள்.

விஷயம் இதுதான். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு பிஸ்கட் கம்பெனி. அதன் பங்குகள் மோகனாவின் பெயரில் வெகுகாலமாக இருந்தன. இப்போது கம்பெனியை நடத்தும் குடும்பம், சந்தையிலிருந்து அதை முழுசாக எடுத்துத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வதென்று முடிவு செய்து, யார் கையில் பங்கு இருந்தாலும் ஒன்றுக்கு இரண்டு வெள்ளி இருபது காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று அறிவித்திருந்தது. சம்மதம் சொல்லக் கடைசி நாள் இன்று, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. செவ்வாய்க்கிழமை மாலையே மோகனா கொடுத்துவிடலாம் என்றாள். ராமதாஸ் வேண்டாம் என்றார்.

அப்போது அவர் ஜெலுத்தோங் வீட்டின் வாசலில், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஹெல்மெட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடையது கறுப்பு, மோகனாவுடையது சிவப்பு. அவள் அதைத் தலையில் வைத்தே பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் மனிதர் இரண்டையும் ஒன்றுபோலத் துடைப்பார்.

"ஒரு காரணம் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

"அந்த வெல பத்தாது மோனா."

"எவ்வளவுன்னா பத்தும்? சொல்லுங்க, நானும் போட்டுப் பார்க்கறேன்."

"உன் கணக்குல வராது லா அது."

"என் கணக்குல வராதது ஒண்ணும் அந்தக் கம்பெனியில கெடையாது!"

ராமதாஸ் சிவப்பு ஹெல்மெட்டின் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஊதி, மறுபடி துடைத்தார். மோகனா உள்ளே போய்விட்டாள். இரவு சாப்பாட்டிலும் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதன்கிழமை காலையில் எழுப்பப் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். எல்லாரும் புண்ணியவான் சாவு என்றார்கள். மோகனாவுக்கு மட்டும், தன் புருஷனிடம் தான் கடைசியாகப் பேசிய பேச்சு ஒரு பிஸ்கட் கம்பெனியைப் பற்றியது என்பது நெஞ்சில் கிடந்து அறுத்தது.

*

பங்கு விஷயத்தில் அந்த வீட்டில் இரண்டு மதம். ஓய்வு பெறும்வரை பிறையில் ஒரு நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலையில் மோகனா கணக்குப் பிரிவில் இருந்தாள். ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை வந்தால் முன்பக்கம் பல்லைக் காட்டும் சேர்மன் படத்தைப் பார்க்கவே மாட்டாள். கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளிலிருந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டு வருவாள். ஒரு பங்கு வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது, அதில் எவ்வளவு நம் கைக்கு வருகிறது, இதே காசை பேங்கில் போட்டால் என்ன கிடைக்கும் என்று மூன்று கேள்வி. பதில் திருப்தியாக இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் சேர்மன் தலைகீழாக நின்றாலும் கிடையாது.

ராமதாஸ் துறைமுகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவர். அவர் மதம் வேறு. நேரில் பார்க்காமல் ஒரு பங்கைத் தொடக்கூடாது என்பார். பெண் பார்க்கப் போவது மாதிரி போய்ப் பார்க்க வேண்டுமாம். வாசலில் லோரிகள் நிற்கின்றனவா, வேலையாட்களின் மோட்டார் சைக்கிள்கள் புதுசா பழசா, முன்னால் இருக்கும் பூச்செடிக்கு யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா, எல்லாம் பார்க்க வேண்டுமாம். "செடிக்குத் தண்ணி ஊத்த ஆள் வெச்சிருக்கிற கம்பெனி அவ்வளவு சீக்கிரம் விழாது," என்று அடித்துச் சொல்வார்.

"செடி பேலன்ஸ் ஷீட்ல எந்தப் பக்கம் வரும்?" என்று மோகனா கேட்பாள்.

"நீ ஏட்டைப் பார்த்துட்ட. நான் எடத்தைப் பார்க்கறேன். ரெண்டும் ஒத்து வந்தாத்தான் வாங்கணும். நீயும் கூட வந்து சரிபாரு."

கணக்குப் பிரிவில் வேலை பார்த்த மனதுக்கு, ஒரு விஷயத்தை இரண்டு பேர் சரிபார்ப்பது நியாயமாகவே பட்டது. அதனால் சனிக்கிழமை தோறும் சிவப்பு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். மோட்டாரோடு ஃபெர்ரியில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, பிறையில் அந்த வாரம் எந்தக் கம்பெனி வாய்த்ததோ அதன் வாசலில் போய் நிற்பார்கள். கடைசியில் எப்படியும் அந்த பிஸ்கட் தொழிற்சாலைக்குத்தான் வந்து சேர்வார்கள். எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. தெருவெல்லாம் வெண்ணெய் வாசனை. இது வேலை, அதனால் அவள் வந்தாள். மற்றபடி அவளை வீட்டை விட்டுக் கிளப்புவது லேசான காரியமில்லை. கொடிமலைக்குப் போகலாம் என்றால் டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வாள். கடற்கரை என்றால் மணலை வீட்டுக்குள் கொண்டுவந்து கூட்டுவது யார் என்பாள்.

வருஷத்துக்கு ஒருமுறை பங்குதாரர் கூட்டம். அது அவர்களுக்குத் திருவிழா. மோகனா முன்வரிசையில் உட்கார்ந்து, விற்காமல் கிடக்கும் சரக்கைப் பற்றி இயக்குநர்களைக் குடைவாள். ராமதாஸ் பின்னால் கரிப்பாப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி, கேள்வி கேட்பது என் மனைவி என்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும்படி தலையாட்டிக்கொண்டிருப்பார். திரும்பும்போது கம்பெனி கொடுத்த பிஸ்கட் டின் மோகனாவின் மடியில் இருக்கும்.

அப்புறம் அறிக்கைகள் இணையத்துக்கு வந்தன. கூட்டமும் கணினித் திரைக்குள் போனது. மோகனாவுக்கு முழங்கால் வலி வந்தது. "எல்லாம் இதுலயே இருக்குல்ல, நீங்க போய்ட்டு வாங்க," என்று சொல்லிவிட்டாள். ராமதாஸ் கொஞ்ச நாள் சனிக்கிழமை காலையில், பசியாறி முடித்ததும், "வரியா?" என்று கேட்டுப் பார்த்தார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். போவதை நிறுத்தவில்லை. சிவப்பு ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனார். வழியில் யாரையாவது ஏற்றிக்கொள்வாராக்கும் என்று மோகனா நினைத்துக்கொண்டாள். வரும்போது அவளுக்கு ஒரு பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கி வருவார்.

*

பெட்டியை மூட இன்னும் நேரமிருந்தது. ஓதுவார் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். கூடாரத்தில் ராமதாஸின் நண்பர் பெஞ்சமின் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். கெப்பாலா பத்தாஸில் நிலமதிப்பு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மோகனா எழுந்து போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தைரியமா இருக்கணும்மா. தாஸ் மாதிரி ஒரு மனுஷன்…"

"அண்ணே, அந்த பிஸ்கட் ஃபேக்டரி நெலம் என்ன வெல போகும்?"

பெஞ்சமின் கைக்குட்டையை இறக்கினார். சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று அவர் முகம் கேட்டது. ஆனால் வாய், பழைய பழக்கத்தில், தானாகப் பதில் சொல்லிவிட்டது. "நல்ல எடம்தான். நாளைக்கே கம்பெனிய மூடி, நெலத்தையும் மெஷினையும் வித்து, கடனை அடைச்சு, மீதியப் பங்கு போட்டா ஒண்ணுக்கு ரெண்டு வெள்ளிகிட்ட வரும். அதுக்கு மேல இழுத்தாலும் வராது."

"அப்ப ரெண்டு இருபது?"

"கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம். போன வாரமே தாஸ்கிட்ட சொன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

மோகனா எழுந்து உள்ளே வந்தாள். மகன் ஹரீஷ், ஈர வேட்டியோடு சடங்குக்காகச் சுவரோரம் நின்றான். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் இஞ்சினியர். அவனும் பங்கு வாங்குவான், விற்பான்; அதற்கு அவனுக்கு ஏடும் வேண்டாம், இடமும் வேண்டாம். கைத்தொலைபேசியில் ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்தால் போதும். கம்பெனி பிஸ்கட் செய்கிறதா பீரங்கி செய்கிறதா என்றுகூடத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, ஊரில் நாலு பேர் என்ன கொடுப்பார்கள் என்பதுதான் விலை என்பான்.

"இந்த நேரத்துல பேசறேன்னு நினைக்காதீங்கம்மா," என்றான் தாழ்ந்த குரலில். "இத்தனை வருஷத்துல அது ஒண்ணு எழுபதைத் தாண்டினதே இல்ல. இன்னிக்கு விட்டா அப்புறம் வாங்க ஆள் இருக்காது. மயானத்துல இருந்து வந்ததும் லேப்டாப்ல நானே பண்ணித் தரேன். ஒரு நிமிஷ வேலை. அப்பா இல்லாத வீட்டுல உங்க கையில ஏதாவது இருக்கணும்ல?"

அவன் சொன்னதில் குற்றம் இல்லை. ஏடு ஒன்று எண்பது, ஒன்று தொண்ணூறு என்றது. நிலம் இரண்டு என்றது. கோடு ஒன்று எழுபது என்றது. எல்லாரையும் தாண்டி, பத்தாது என்று ஒரே ஒரு ஆள்தான் சொன்னார். அவர் பெட்டிக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். பணத்துக்காக மோகனா தவிக்கவில்லை. அந்த மனிதர் எதையோ பார்த்திருக்கிறார், தனக்குத் தெரியாத எதையோ தெரிந்துவைத்திருக்கிறார். அது என்னவென்று தெரிந்தால், சரி, நீங்கள் சொன்னதுதான் சரி என்று மனதாரச் சொல்லி அனுப்பிவிடலாம். ஒரே ஒரு தடவை தோற்றுவிட்டு அவரை அனுப்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

பெட்டியை மூடும் நேரத்தில் கூடாரத்துக்கு வெளியே ஒரு மோட்டார் வந்து நின்றது. தலையில் துடோங் முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண், கையில் அடுக்குச் சட்டியோடு, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கி நின்றாள். மோகனாவுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. பிஸ்கட் தொழிற்சாலைக்கு எதிரே கடை வைத்திருக்கும் நோர்மா. தொழிற்சாலைக் காவலாளி ஒரு தமிழர். அவர் வாட்ஸ்அப்பில் வந்த அஞ்சலிப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம். மோகனா தலையசைத்ததும் அவள் உள்ளே வந்து, பெட்டியின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் கைகளைக் கோத்தபடி நின்றாள்.

பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். பெட்டி கிளம்பியது. வாசலில் வேனின் கதவு சாத்தும் சத்தம் கேட்டபோதுதான் மோகனா வாய்விட்டு அழுதாள். ஆண்கள் பத்து லஞ்சாங் மயானத்துக்குப் போய்விட்டார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, மோகனாவுக்குத் தலைக்கு ஊற்றி, வெள்ளைச் சேலை கட்டிவிட்டார்கள்.

*

ஈரத் தலையோடு அவள் வெளியே வந்தபோது கூடாரம் காலியாக இருந்தது. நோர்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"மீ கொண்டாந்திருக்கேன் ஆன்ட்டி," என்றாள் மலாயில். "இன்னிக்கு இந்த வீட்டுல அடுப்பு எரியாதுன்னு தெரியும். முட்டை, எறால் எதுவும் போடல. சட்டியும் புதுசு. ஆன்ட்டிக்கு சனிக்கிழமை சைவம்னு அங்கள் ஒவ்வொரு தடவையும் சொல்வாரு. இன்னிக்கு வியாழக்கிழமைதான், இருந்தாலும்…"

மோகனா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பது வருஷத்தில் மலாயில் எத்தனையோ பேசியிருக்கிறாள். இதைக் கேட்க மட்டும் வார்த்தை தேட வேண்டியிருந்தது.

"நோர்மா, அவர் அங்க வந்து என்ன பார்ப்பாரு? ஃபேக்டரியப் பத்தி உன்கிட்ட ஏதாவது கேப்பாரா? லோரி கூடியிருக்கா, ஆள் எடுக்கறாங்களா, உள்ள புதுசா ஏதாவது கட்டறாங்களா… எதையாவது பார்த்துட்டுச் சொன்னாரா?"

நோர்மா விழித்தாள். "ஃபேக்டரியா? அங்கள் ஃபேக்டரிக்கு முதுகைக் காட்டித்தான் உக்காருவாரு ஆன்ட்டி. ரோட்டைப் பார்த்து."

"ரோட்ட எதுக்கு?"

"நீங்க வருவீங்கன்னு."

மோகனா அவளையே பார்த்தாள்.

"ரெண்டு தேத்தண்ணி போடச் சொல்வாரு. எதிர் நாற்காலியில அந்தச் சிவப்பு ஹெல்மெட்டை வெச்சிடுவாரு. ஷிஃப்ட் விட்டு ஆளுங்க வந்தா ஒரே கூட்டம், நாற்காலி கேப்பாங்க. தர மாட்டாரு. 'எம் பொண்டாட்டி வர்றா'ம்பாரு. கூட்டம் கலைஞ்சதும் ஒரு பொட்டலம் கட்டிக்கிட்டுப் போயிடுவாரு. நீங்க வர மாட்டீங்கன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் ஒண்ணும் கேட்டுக்க மாட்டேன்."

"ஷேரைப் பத்தி…"

"ஒரு தடவ நானே கேட்டேன். 'எனக்கென்ன தெரியும் நோர்மா, அதெல்லாம் அவ பார்த்துடுவா, அவ கணக்கு தப்பினதே இல்ல'ன்னாரு. அப்ப எதுக்கு அங்கள் இவ்வளவு தூரம் வர்றீங்கன்னேன். சிரிச்சாரு. 'மலைக்குக் கூப்பிட்டா வர மாட்டா, கடலுக்குக் கூப்பிட்டா வர மாட்டா. கம்பெனி பார்க்கணும்னாத்தான் வருவா. அதுக்காகக் கண்டுபிடிச்சது இது'ன்னாரு."

தெருவில் ஒரு வேன் போயிற்று. நோர்மா அடுக்குச் சட்டியின் கொக்கியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

மோகனாவுக்கு ஃபெர்ரி ஞாபகம் வந்தது. அக்கரை போய்ச் சேரும்வரை அவள் மடியில் ஆண்டறிக்கை விரிந்திருக்கும். காற்று அடித்துத் தாள் படபடக்கும்போதெல்லாம் ராமதாஸின் விரல் வந்து ஓரத்தை அழுத்திக்கொள்ளும். "அங்க பாரு மோனா, கப்பல்," என்பார். "ம்," என்பாள், தலையைத் தூக்காமல். எத்தனை கப்பல் போயிற்றோ. எல்லாச் சனிக்கிழமையிலும் அவள் கடலுக்குக் குறுக்கே போனாள். ஒரு தடவைகூடக் கடலைப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருப்பார். கடலைப் பார்த்துவிட்டு அவளையும் பார்த்திருப்பார். செடியாம், தண்ணீராம், லோரியாம். அடப் பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று மனம் கத்தியது. சொன்னால் வந்திருப்பாயா என்று அதே மனம் திருப்பிக் கேட்டது. வந்திருக்க மாட்டாள். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பங்கு கைமாறிவிட்டால், போய்ப் பார்க்க ஒரு காரணம் இருக்காது. அவளைக் கூப்பிட அவரிடம் மிச்சமிருந்த காரணம் அது ஒன்றுதான். அதற்கு யார் என்ன விலை கொடுத்தாலும் பத்தாதுதானே. இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை அந்தக் குரல் வந்து "வரியா?" என்று கேட்காதா என்று அவளுக்கு உடம்பெல்லாம் ஏங்கியது. கேட்டால் முழங்காலாவது மண்ணாவது என்று எழுந்து ஓடியிருப்பாள்.

நோர்மா கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப வந்தாலும் வாங்க ஆன்ட்டி. அந்த நாற்காலிய நான் யாருக்கும் தர மாட்டேன்."

*

ஹரீஷ் மொட்டைத் தலையோடு வந்து சேர்ந்தான். குளித்துவிட்டு, அம்மா உட்கார்ந்திருந்த கூடத்துக்கு வந்து, தரையில் லேப்டாப்பை வைத்துத் திறந்தான். நாள் முழுக்க அழுத கண்கள் அவனுக்குச் சிவந்திருந்தன.

"அம்மா, இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. பாஸ்வர்ட் போட்டுடுங்க, மத்தத நான் பார்த்துக்கறேன்."

மோகனா அடுக்குச் சட்டியிலிருந்து மீயை எடுத்து மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவள் சாப்பிடுகிறாளே என்று ஷர்மினி பக்கத்திலேயே நின்றாள்.

"மா…"

"ரெண்டு இருபது நல்ல வெல," என்றாள் மோகனா. "நான் போட்ட கணக்குல தப்பே இல்ல."

"அதத்தானே நானும் சொல்றேன்."

"ஆனா பத்தாது."

ஹரீஷ் மனைவியைப் பார்த்தான். ஷர்மினி, பேசாமல் இரு என்று கண்ணால் சொன்னாள். அவன் விடவில்லை. "அப்பா சொன்னாருங்கறதுக்காகச் சொல்லாதீங்கம்மா. நூத்துக்குத் தொண்ணூறு பங்கு கைக்கு வந்துட்டா மீதிய அவங்களே சட்டப்படி எடுத்துக்குவாங்க. அதே ரெண்டு இருபதுதான். குடுத்தாலும் ஒண்ணு, குடுக்காட்டியும் ஒண்ணு. இது உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்." மோகனா விரலைச் சட்டியின் ஓரத்தில் வழித்தாள். "எடுத்தா எடுத்துக்கட்டும். நானாக் குடுக்கல."

 ஹரீஷ் படித்த கோடுகளில் இது எங்கும் வந்ததில்லை. லேப்டாப்பை மூடவும் இல்லை. திரை தானாக இருளும்வரை அதையே பார்த்துக்கொண்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். சுவர்க் கடிகாரத்தின் முள் ஐந்தைத் தாண்டிப் போனது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். 

மோகனா கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனாள். சாவு வேலையில் யாரோ மோட்டாரைச் சுவரோடு சாய்த்து ஒதுக்கியிருந்தார்கள். அதன் கண்ணாடிக் கம்பியில் இரண்டு ஹெல்மெட்டும் தொங்கின. சிவப்பை எடுத்தாள். கண்ணாடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"ஹரீஷ், ஃபெர்ரியில மோட்டார் ஏத்துறாங்கல்ல இப்பவும்?"

"ஏத்துறாங்க. ஏம்மா?"

"சனிக்கிழமை பிறைக்குப் போகணும். நீ ஓட்டு."

"காரியம் முடியற வரைக்கும் வெளிய போகக்கூடாதே அத்தை," என்றாள் ஷர்மினி.

"அப்ப காரியம் முடிஞ்ச சனிக்கிழமை."

சொல்லிக்கொண்டே அவள் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினாள்.

"தலை இன்னும் ஈரமா இருக்கும்மா, காய்ஞ்சப்புறம் போட்டுப் பாருங்க," என்றான் ஹரீஷ்.

மோகனா கேட்கவில்லை. தாடைக்குக் கீழே வாரைப் பூட்டினாள். எங்கும் இழுக்கவோ தளர்த்தவோ வேண்டியிருக்கவில்லை. சுவரைப் பிடித்தபடி, வெள்ளைச் சேலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, மோட்டாரின் பின்னிருக்கையில் பழையபடி ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. அவருடைய சட்டையைப் பிடித்துக்கொள்ளக் கை முன்னால் போயிற்று. போய், பிடிக்க எதுவும் இல்லாமல், காலி இருக்கையின் மேல் இறங்கியது.